சோத்தாங்கை மட்டும் கொடுங்க

கிளவுஸ் விக்கிற தொழில்ல ஒரு விசேஷம் இருக்குதுங்க: வர்ற எல்லாருக்கும் கை இருக்கும், ஆனா அந்தக் கைக்கு என்ன வேணும்னு ஒருத்தருக்கும் தெரியாது. செருப்புக் கடைக்குப் போறவங்க போட்டு நாலு அடி நடந்து பாக்கறாங்க. கண்ணாடிக் கடைக்குப் போறவங்க எழுத்தைப் படிச்சுப் பாக்கறாங்க. என் கடைக்கு வர்றவங்க மட்டும் கையைப் பாக்கெட்ல விட்டுக்கினு, "நல்லதா ஒண்ணு கொடுங்க"ன்றாங்க. எதுக்கு நல்லதுனு திருப்பிக் கேட்டா மூஞ்சி சுருங்கிடும்.

திருவண்ணாமலையில தேரடித் தெருவுல இருந்து உள்ள திரும்பற ஒரு சந்துலதான் எங்க கடை. ஒரு பக்கம் எங்க வீட்டுக்காரர் பெயிண்ட், தின்னர், ஆணி, பூட்டுனு ஹார்டுவேர் விக்கிறாரு. எதிர்ப் பக்கம் கிளவுஸ் கவுண்ட்டர், அது என் ராஜ்ஜியம். அவரை எல்லாரும் பாய்னு கூப்பிடுவாங்க, என்னைப் பாயம்மா. ஜீனத்துனு எனக்கு ஒரு பேர் இருக்கறது அவருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும்தான் தெரியும். கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்னுக்கினு, பல்லைக் கடிச்சுக்கிட்டே சிரிச்ச அனுபவம் உங்கள்ல யாருக்காவது இருந்தா, வாங்க, உக்காருங்க. நாம எல்லாம் ஒரே கட்சி.

ஜோடி பிரிஞ்ச கதை

முதல்ல ரெண்டு வார்த்தை. எங்க ஊர்ப் பக்கம் வலது கையைச் சோத்தாங்கைனு சொல்லுவோம், சோறு சாப்பிடற கை. இடது கை பீச்சாங்கை. அந்தக் கைக்கு என்ன வேலைனு நான் விளக்க வேணாம். நூல் கிளவுஸ் எந்தக் கைக்கும் போகும். தடி ரப்பர், தோல் கிளவுஸ் அப்படி இல்லை, கட்டை விரல் எந்தப் பக்கம்னு பார்த்துதான் போடணும். அதனால கம்பெனிக்காரன் ஜோடியாதான் அனுப்புவான்.

அந்த ஜோடியை முதல்ல பிரிக்க வெச்சவர் கொத்தனார் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர்க்காரர். ஆவணி மாசம் ஒரு நாள் தோள்ல போட்ட துண்டுக்குள்ள ஒரு கையை மடக்கி வெச்சுக்கினு வந்து நின்னாரு. "சிமெண்ட் கையைத் தின்னுது பாயம்மா. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். தாரை வார்க்கறப்போ ரெண்டு கையையும் ஏந்தணும். இந்தக் கையோட ஏந்தினா சம்பந்தி வூட்ல இன்னா நெனைப்பாங்க? நிச்சயத்தன்னிக்கே மாப்பிள்ளையோட அம்மா என் கையை ஒரு மாதிரி பாத்துச்சு. தொத்து வியாதின்னு நெனைச்சு கல்யாணத்தை நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"னாரு. நல்ல ரப்பர் கிளவுஸ் ஒரு ஜோடி எடுத்து வெச்சேன். ஒண்ணை எடுத்துக்கினு ஒண்ணைத் தள்ளி வெச்சாரு. "சோத்தாங்கை மட்டும் கொடுங்க போதும். வேலை செய்யற கை அதானே?"

ஜோடியைப் பிரிக்க மாட்டேன்னு நான் சொல்லி வாய் மூடல, எங்க வீட்டுக்காரர் எதிர்ப் பக்கத்துல இருந்து தாண்டி வந்துட்டாரு. கல்யாணம்ன்ற வார்த்தை காதுல விழுந்தா அந்த மனுஷன் உருகிடுவாரு. பாக்கெட்டைப் பிரிச்சு, சோத்தாங்கையை அவர் கையில கொடுத்து அனுப்பிட்டாரு. ஊருக்குள்ள சேதி பரவிடுச்சு. வெல்டிங் பட்டறைக்காரன், கல் ஏத்தறவன், எல்லாரும் வந்து சோத்தாங்கை மட்டும் போதும்ன்றான். பீச்சாங்கை எல்லாம் ஒரு கோணியில சேர ஆரம்பிச்சுது. நான் கத்தினேன். அவர் கோணி வாயைக் கட்டி ஓரமா சாத்தி வெச்சுட்டு சாவகாசமா சொன்னாரு:

"விடு ஜீனத், இந்தப் பீச்சாங்கைக்கும் ஒரு ஆளை ஆண்டவன் எங்கயாவது எழுதி வெச்சிருப்பான்."

பாஸ், ஃபெயில்

வேங்கிக்கால் பக்கம் புதுசா வீடு கட்டிக்கினு வந்தவங்க கவிதா. ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப்ல வேலை. லேபுக்கு கிளவுஸ் வாங்க அவங்க கடைக்கு வந்தாங்கன்னா எங்க வீட்டுக்காரர் தின்னர் டின்னை ஒளிச்சு வெச்சுடுவாரு. ஏன்னா அந்தம்மா கிளவுஸை விலை கேக்க மாட்டாங்க, பரீட்சை வைப்பாங்க. ஒரு தின்னர் டின்னைத் திறக்கச் சொல்லி, மூடியில கொஞ்சம் ஊத்தி, என் கிளவுஸோட விரலை அதுல முக்கிட்டு, கைக்கடிகாரத்தைப் பாத்துக்கினு நிப்பாங்க.

முதல் நாள் மெலிசான வெள்ளை ரப்பர் கிளவுஸை முக்கினாங்க. கொஞ்ச நேரத்துல அது எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி பொங்கிச் சுருங்கிடுச்சு. "ஃபெயில்"னாங்க. நீலக் கலர் நைட்ரைல், அது செயற்கை ரப்பர், கொஞ்ச நேரம் தாக்குப் பிடிச்சுது. "இது எண்ணெய்க்கு, கிரீஸுக்கு பாஸ். தின்னருக்கு, லேப்ல நாங்க புழங்கற அசிட்டோனுக்கு ஃபெயில்"னாங்க. தடியா இருந்தா எல்லாத்துக்கும் ஆகும்னு அதுவரைக்கும் ஊருக்கே உபதேசம் பண்ணிக்கினு இருந்தவ நான். "தடிப்பு மட்டும் பத்தாது பாயம்மா. கிழிஞ்சா கண்ணுக்குத் தெரியும். ஊறி உள்ள வந்தா கண்ணுக்குத் தெரியாது, அதான் பயம். எதைத் தொடறீங்கனு முதல்ல கேளுங்க, அப்புறம் கிளவுஸை எடுங்க"னு பொறுமையா சொன்னாங்க. அன்னியில இருந்து யார் வந்தாலும் "எதைத் தொடறீங்க?"னுதான் நான் ஆரம்பிக்கிறது. புதுசா வர்ற ஆம்பளைங்க சில பேர் திடுக்குனு ரெண்டு அடி பின்னாடி போவாங்க.

அன்னிக்கு பாதி கவுண்ட்டரை நாசம் பண்ணிட்டு, பாஸான பெட்டியைப் பையில வெச்சுக்கினு, படி இறங்கறப்போ கவிதா திரும்பிப் பாத்து சொன்னாங்க:

"பாயம்மா, உங்க கடையில பாதி சரக்கு அரியர்ஸ்."

மூணு பேருக்கு ஒரு ஜோடி

கோயில் பக்கத்துல ஒரு லாட்ஜ். பேர் வேணாம், மேனேஜர் இதைப் படிச்சாலும் படிப்பாரு. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் போனா அங்க கக்கூஸ் கழுவற பொம்பளைங்களுக்கு ஆசிட்டோடதான் பொழுது போகும். மேனேஜர் ஒரு அம்மாவைக் கூட்டிக்கினு வந்தாரு, வசந்தான்னு பேரு. "எதைத் தொடறீங்க?"னேன். "ஆசிட்"னாரு மேனேஜர், என்னமோ அவரே தேய்க்கிற மாதிரி. முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கிளவுஸை எடுத்தேன். "எத்தினி சைஸ்?"னேன். "இருக்கறதுலயே பெருசு கொடுங்க. மூணு பேர் இருக்காங்க, மூணு பேருக்கும் ஒரே ஜோடி. சின்னது வாங்கினா பெரிய கைக்குப் போகாது. பெருசு வாங்கினா எல்லாருக்கும் போகும்ல?"

கை நழுவினா ஆசிட் பாட்டிலும் நழுவும், தொளதொளன்னு இருந்தா மேல் வழியா உள்ள ஊத்திக்கும்னு நான் தொண்டை கிழிய சொல்லிக்கினு இருக்கேன். வசந்தாம்மா அதுக்குள்ள அந்த ராட்சச கிளவுஸை மாட்டி, விரல் நுனியெல்லாம் தொங்கத் தொங்க என் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக் காட்டுச்சு. மேனேஜருக்கு அப்பவும் புரியல. கடைசியில ஆளுக்கொரு ஜோடி வாங்க வெச்சது என் பேச்சு இல்லைங்க, அந்தம்மா சொன்ன ஒரே வார்த்தை. கடையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க, அவருக்கு மானம் போச்சு:

"இதுக்குள்ள நானே குடியிருக்கலாம் பாயம்மா, வாடகை மட்டும் கேட்றாதீங்க."

வியாபாரத்தைத் துரத்தினது

லேத் பட்டறை சண்முகம் வந்து, "கையில இரும்புத் தூள் குத்துது, தோல் கிளவுஸ் கொடுங்க"னாரு. எதைத் தொடறீங்கனு கேட்டேன். சுத்தற மெஷின்ல ஓடற இரும்பைனாரு. "கொடுக்க மாட்டேன்"னேன்.

எங்க வீட்டுக்காரர் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கறதை அப்படியே நிறுத்திட்டு என்னையே பாக்கறாரு. நான் அசையல. சுத்தற மெஷின் கிட்ட கிளவுஸ் போடவே கூடாதுங்க. நுனி மாட்டினா கிளவுஸை மட்டும் இழுக்காது, உள்ள இருக்கற கையையும் சேத்துதான் இழுக்கும். தூளைத் தள்ளறதுக்குப் பிரஷ் வெச்சுக்கோ, மெஷினை நிறுத்திட்டுத் துடை, வெறுங்கையாவே வேலை செய்யினு சொல்லி, எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருந்து ஒரு பிரஷை எடுத்துக் கொடுத்தேன். சண்முகம் பிரஷைத் தூக்கிக்கினு நேரா எதிர் டீக்கடைக்குப் போய், எனக்குக் கேக்கறா மாதிரியே சொன்னாரு:

"பாயம்மாவுக்குப் பணம் ஜாஸ்தி ஆயிடுச்சுப்பா, கிளவுஸ் கேட்டா பிரஷ் கொடுத்துத் துரத்துது!"

கை கேக்கலை

இதுக்கு நடுவுல ஏழுமலை சும்மா இருக்கல. புரட்டாசியில வந்தாரு. "கை கேக்கலை பாயம்மா, இந்தக் கிளவுஸ் சரியில்லை." தடிப்பா ஒண்ணு கொடுத்தேன். சோத்தாங்கை மட்டும். ஐப்பசியில வந்தாரு. "ஜாஸ்திதான் ஆவுது, கம்மி ஆவலை. ராத்திரியில எரியுது." உள்ள துணி வெச்ச நைட்ரைல் கொடுத்தேன், முழங்கை வரைக்கும் வர்றது. அதுவும் சோத்தாங்கை மட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க, தேங்காய் எண்ணெயை நம்பாதீங்கனு திட்டி அனுப்பினேன். எனக்கு அவமானமா இருந்துச்சு. உலகத்துல இருக்கற எல்லா கையையும் காப்பாத்தறேன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கோம், ஒரு மேஸ்திரி கையை ஆத்த முடியல. கல்யாணம் நின்னு போனா அந்தப் பாவம் என் கவுண்ட்டர் மேல வந்து உக்காருமேன்னு பயம்.

கவிதாம்மாகிட்ட கேட்டேன். "ஈர சிமெண்ட்தானே? நீங்க கொடுத்தது எல்லாமே பாஸ் ஆக வேண்டிய கிளவுஸ்தான்"னு அவங்களும் தலையைச் சொறிஞ்சாங்க. ஏழுமலையோ என்னைச் சமாதானம் பண்றாரு. துண்டைச் சரி பண்ணிக்கினு, போறப்போ சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாரு:

"உங்க மேல தப்பு இல்ல பாயம்மா, என் கை மேல சிமெண்டுக்கு அப்படி ஒரு ஆசை."

எல்லாம் ஒண்ணு

ரமணாசிரமம் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா சின்னதா பிரெட் கடை வெச்சிருக்கு. அடுப்புல இருந்து தட்டு எடுக்க கிளவுஸ் வேணும்னு ஆட்டோக்கார சேகரைக் கூட்டிக்கினு வந்துச்சு. அதுக்கும் நமக்கும் நடுவுல சேகர்தான் மொழிபெயர்ப்பு. தோல் கிளவுஸைக் காட்டினேன். எந்த மாடுனு கேட்டுச்சு. நான் மாட்டை விசாரிக்கலனு சொன்னேன். அதைத் தொடவே மாட்டேன்னுடுச்சு. ரப்பர் சூட்டுல உருகிடும். கடைசியில தடி நூல் கிளவுஸ்ல வந்து நின்னுச்சு.

காசு கொடுத்துட்டுத் திரும்பறப்போ அதுக்குக் கோணி கண்ணுல பட்டுச்சு. என்னன்னு கேட்டுச்சு. அத்தனையும் பீச்சாங்கை, சோத்தாங்கையைப் பிரிஞ்சு தனியா கிடக்குதுனு சேகர் சொன்னான். அந்தம்மா கண்ணை மூடி, நெஞ்சுல கையை வெச்சுக்கினு ரொம்ப நேரம் பேசுச்சு. சேகர் சுருக்கமா சொன்னான்: "வலது இடதுன்றதெல்லாம் மாயையாம் பாயம்மா. பிரிவே கிடையாதாம், எல்லாம் ஒண்ணுதானாம்." எனக்கு சந்தோஷம் தாங்கல. "அப்படின்னா இந்தக் கோணியை ஆட்டோவுல ஏத்து"ன்னேன். சேகர் அதை மட்டும் மொழிபெயர்க்காம என்கிட்டயே சொன்னான்:

"அதெல்லாம் பேச்சுக்கு பாயம்மா, மாட்டறப்போ கட்டை விரல் இடிக்கும்ல?"

போணி

கார்த்திகை தீபம் முடிஞ்சு ஊர்ல கூட்டம் வடிஞ்ச சமயம். காலையில ஷட்டரைத் தூக்கி, எங்க வீட்டுக்காரர் சாம்பிராணி போட்டுக்கினு இருக்காரு. இன்னும் போணி ஆகல. ஏழுமலை வந்து நின்னாரு. முகம் வாடிப் போயிருந்துச்சு. "மாப்பிள்ளையோட அம்மா பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி வூட்டுக்கு வர்றாங்களாம் பாயம்மா. சும்மா பாத்துட்டுப் போறதுக்குன்றாங்க. எனக்குத் தெரியாதா, என் கையைப் பாக்கத்தான் வர்றாங்க." எனக்குப் பொறுக்கல. "கையைக் காட்டுங்க மேஸ்திரி, என்னதான் ஆச்சுனு நானே பாக்கறேன்"னேன். சோத்தாங்கையை நீட்டினாரு. திருப்பிப் பாத்தேன், புரட்டிப் பாத்தேன். கொஞ்சம் காப்புக் காய்ச்சிருந்துச்சு, அவ்ளோதான். என் கையை விட நல்லா இருந்துச்சு. "இது நல்லாதானே இருக்கு?"

"இது இல்லை பாயம்மா"னு இழுத்தாரு. "அப்போ எது?"னேன். துண்டைப் பாத்தாரு, சாம்பிராணியைப் பாத்தாரு, எங்க வீட்டுக்காரரைப் பாத்தாரு. "போணி நேரத்துல எப்படி பீச்சாங்கையை நீட்டறது?" நான் கவுண்ட்டரைத் தட்டி, "நீட்டுய்யா!"னு ஒரு கத்து கத்தினேன். துண்டுக்குள்ள இருந்து அந்தக் கை மெல்ல வெளிய வந்துச்சு. அல்லாவே! விரல் இடுக்கெல்லாம் வெந்து, தோல் உரிஞ்சு, செக்கச் செவேல்னு கிடந்துச்சு. ஆவணியில இருந்து இந்த மனுஷன் என் கடைக்கு வர்றாரு. மரியாதைக்குப் பீச்சாங்கையை நீட்டக் கூடாதுனு அதை ஒளிச்சு வெச்சுக்கினே வாங்கிட்டுப் போயிருக்காரு, நானும் நல்லா இருக்கற கைக்கே மேல மேல கிளவுஸ் கொடுத்துக்கினு இருந்திருக்கேன்.

"மேஸ்திரி, கலவை போடற கரண்டியை எந்தக் கையில பிடிக்கிறீங்க?" "சோத்தாங்கையில." "கலவை மேல செங்கல்லை எந்தக் கையால எடுத்து வைக்கிறீங்க? பிதுங்கற கலவையை எதால வழிக்கிறீங்க?" பீச்சாங்கையைத் திருப்பிப் பாத்து, "இதாலதான் பாயம்மா! வேலை செய்யற கையை மூடிட்டா சிமெண்ட் இதுக்கு வராதுனு நெனைச்சேன்"னாரு. கரண்டி பிடிச்ச கைக்கு அதோட மரப்பிடிதான் படும், சிமெண்ட் முழுக்க மத்த கைக்குத்தான். எதைத் தொடறீங்கனு ஊரையே கேட்ட நான், எந்தக் கையால தொடறீங்கனு கேக்கல பாருங்க! கோணியை இழுத்துப் போட்டு, அவிழ்த்து, நைட்ரைல்ல ஒரு பீச்சாங்கையைத் தேடி எடுத்தேன். கையை நல்லா கழுவித் துடைச்சுட்டு மாட்டணும், உள்ள சிமெண்ட் போனா உடனே கழட்டிக் கழுவணும், புண்ணை இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும், அது ஆறற வரைக்கும் கலவையைத் தொடவே கூடாது, மேஸ்திரினா நின்னுக்கினு வேலை வாங்கணும்னு அடுக்கினேன். எங்க வீட்டுக்காரர் சாம்பிராணித் தட்டோட அலறினாரு:

"ஏய் ஜீனத், போணியே பீச்சாங்கையா? இன்னிக்கு நாள் விளங்குமா?"

தாரை

மாப்பிள்ளையோட அம்மா வந்து பாத்துட்டுப் போனாங்க. அன்னிக்குப் புண்ணு முழுசா ஆறல. ஏழுமலை ஒளிக்காம கையை நீட்டி, இது சிமெண்ட் பண்ணினது, டாக்டர் சீட்டு இதோ, கிளவுஸ் இதோனு ரெண்டையும் எடுத்துக் காட்டிட்டாராம். அந்தம்மா சீட்டைப் பாத்துட்டு, காபி குடிச்சுட்டுப் போயிட்டாங்களாம். பத்திரிகை வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கல. எங்க கடைக்குத்தான் முதல் பத்திரிகை வந்துச்சு, மஞ்சள் தடவினது. ஏழுமலை அதை ரெண்டு கையாலயும் கொடுத்தாரு.

தை மாசம் கீழ்பென்னாத்தூர் மண்டபத்துல நாங்க ரெண்டு பேரும் முன் வரிசையில உக்காந்தோம். எங்க வீட்டுக்காரர் பொண்ணு மாப்பிள்ளையைப் பாத்தாரு, நான் அப்பன்காரன் கையையே பாத்துக்கினு இருந்தேன். தாரை வார்க்கற நேரம் வந்துச்சு. ரெண்டு உள்ளங்கையையும் சேத்து ஏந்தினாரு. பொண்ணு கை, மேல மாப்பிள்ளை கை. அவர் சம்சாரம் செம்புல இருந்து தண்ணி ஊத்துச்சு. சம்பந்தியம்மா எட்டிப் பாத்தாங்க, பாத்துட்டு, தன் முந்தானையில அவர் கை ஓரமா வழிஞ்ச தண்ணியைத் துடைச்சு விட்டாங்க. நான் அழுதுட்டேங்க. யார் வீட்டுக் கல்யாணம், நான் எதுக்கு அழறேன்னு எங்க வீட்டுக்காரர் முழங்கையால இடிக்கிறாரு. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்துச்சு. பந்திக்குப் போறப்போ ஏழுமலை கூட்டத்தை விலக்கிக்கினு எங்ககிட்ட ஓடி வந்தாரு. அந்தப் பீச்சாங்கையை விரிச்சு என் முன்னாடி நீட்டி சொன்னாரு:

"பாயம்மா, தண்ணி பட்டுச்சு, எரியல!"

மிச்சம்

கதை இங்க முடிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். அந்த மண்டபத்துல சாப்பிட்டவங்கள்ல பாதிப் பேர் கொத்தனாருங்க. ஏழுமலை பந்தி பந்தியா போய்க் கையைக் காட்டியிருக்காரு. அடுத்த வாரமே கீழ்பென்னாத்தூர் பஸ்ல இருந்து இறங்கி ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சுட்டாங்க. கோணி ரெண்டே வாரத்துல காலி. ஆண்டவன் எழுதி வெச்ச ஆளுங்க வந்துட்டாங்க பாத்தியானு எங்க வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை.

கோணி காலியானதும் புது ஜோடி பாக்கெட்டை எடுத்து வெச்சேன். ரெண்டு கைக்கும் போட்டாதான் முழுப் பாதுகாப்பு, ஜோடியா எடுங்கனு கெஞ்சினேன். வந்து நின்ன கொத்தனார் ஒண்ணைத் தள்ளி வெச்சாரு. "பீச்சாங்கை மட்டும் கொடுங்க பாயம்மா, சிமெண்ட் படற கை அதானே?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் பாக்கெட்டைப் பிரிச்சுட்டாரு. பிரிச்சுக் கொடுத்துட்டு, கையில மிஞ்சினதையும் காலிக் கோணியையும் மாத்தி மாத்திப் பாத்து என்கிட்ட கேட்டாரு:

"ஏம்மா ஜீனத், இந்தச் சோத்தாங்கையை எல்லாம் இனிமே எங்க வைக்கிறது?"

ஆண்டவன் மனுஷனுக்குக் கையை ஜோடியாத்தான் கொடுத்தான், அதைப் பிரிச்சு விக்கிற வேலையை மட்டும் எங்க வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டான்.